பொம்மை சேர்க்கும் பட்டாளம்

அமெரிக்காவில் "மரைன்" என்று ஒரு பட்டாளம் இருக்கிறது. கப்பலில் போய், கரையில் இறங்கிச் சண்டை போடும் பட்டாளம் அது. கண்டிப்புக்குப் பெயர் போனது.

ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் பிறந்ததும் இந்தப் பட்டாளத்துக்கு இன்னொரு வேலை வந்துவிடுகிறது.

பொம்மை சேர்க்கும் வேலை!

கரடிப் பொம்மை, ரயில் பொம்மை, பந்து, படப் புத்தகம், சிறு சைக்கிள் எல்லாம் சேர்க்கிறார்கள். டிசம்பர் 25-ந் தேதி கிறிஸ்துமஸ். அதற்குள் அவை ஏழை வீட்டுக் குழந்தைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒரு நாள் பிந்தினாலும் பயன் இல்லை. 26-ந் தேதி வரும் பரிசு, தாலி கட்டி முடிந்தபிறகு வரும் மேளம் மாதிரி!

இந்த வேலையில் பட்டாளத்துக்குத் துணையாக ஊர் ஊராக ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வருகிறார்கள். ஆண்கள், பெண்கள், மாணவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் எல்லோரும் வருகிறார்கள். யாருக்கும் ஒரு காசு சம்பளம் கிடையாது.

இத்தனை பேரையும் கட்டி மேய்க்க ஒருவர் வேண்டும் அல்லவா? அவர்தான் மேற்பார்வையாளர். பரிசு கொடுப்பது சுலபம். அதைச் சரியான குழந்தைக்கு, சரியான நேரத்தில், யார் மனமும் நோகாமல் கொடுக்க வைப்பது கடினம். அந்தக் கடினமான வேலை அவருடையது.

தாத்தா ஏன் வரவில்லை?

"ஒரு பொம்மைக்கு இத்தனை பாடா?" என்று தோன்றலாம்.

அந்த நாட்டுக் குழந்தைகளுக்குக் "கிறிஸ்துமஸ் தாத்தா" என்று ஒரு நம்பிக்கை உண்டு. வெள்ளைத் தாடி, சிவப்புக் கோட்டு. கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு அவர் வீடு வீடாக வருவார். நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார். இதுதான் நம்பிக்கை.

பணக்கார வீட்டில் பெற்றோரே பரிசை வாங்கி வைத்துவிடுகிறார்கள். "தாத்தா வைத்தார்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு வேலை போன வீட்டில்?

காலையில் பிள்ளை எழுந்து பார்க்கிறது. பரிசு இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறது. எதிர் வீட்டிலும் இருக்கிறது. நல்ல பிள்ளைகளுக்குத்தானே தாத்தா பரிசு தருவார்? "அப்படியானால் நான் கெட்ட பிள்ளையா?" என்று அந்தப் பிஞ்சு மனம் நினைக்கிறது.

வறுமை என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. தன்மீதே குற்றம் சுமத்திக்கொள்கிறது. இதைத் தடுக்கத்தான் இத்தனை பாடு.

ஒரு துணிப் பொம்மை

இந்த ஏற்பாடு தொடங்கியது ஒரு துணிப் பொம்மையினால்.

1947-ம் ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். சினிமாவுக்குப் பெயர் பெற்ற ஹாலிவுட் இருக்கும் ஊர். அங்கே வில்லியம் ஹெண்ட்ரிக்ஸ் என்று ஒருவர் இருந்தார். மரைன் பட்டாளத்தின் ரிசர்வ் படையில் அவர் மேஜர்.

ரிசர்வ் படை என்றால் என்ன? அதில் இருப்பவர்கள் மற்ற நாட்களில் சொந்த வேலை பார்ப்பார்கள். குறித்த நாட்களில் மட்டும் பயிற்சிக்கு வருவார்கள். போர் வந்தால் அழைப்பு வரும்.

மேஜர் ஹெண்ட்ரிக்சின் மனைவி டயான். அவர் தம் கையால் ஒரு துணிப் பொம்மை செய்தார். "இதை ஏழைக் குழந்தை ஒன்றுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று கணவரிடம் கொடுத்தார்.

மேஜர் விசாரித்துப் பார்த்தார். அப்படி ஒரு சங்கம் அகப்படவில்லை. திரும்பி வந்து மனைவியிடம் சொன்னார்.

"இல்லை என்றால் நீங்களே ஒன்று தொடங்குங்கள்" என்றார் மனைவி.

மேஜர் தொடங்கிவிட்டார்! ரிசர்வ் படை நண்பர்களைக் கூட்டிக்கொண்டார். அந்த ஆண்டே 5,000 பொம்மைகள் சேர்ந்தன. ஏழைக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த ஆண்டு, 1948-ல், மரைன் பட்டாளமே இதை ஏற்றுக்கொண்டது. நாடு முழுவதும் பரவியது. "டாய்ஸ் பார் டாட்ஸ்" என்று பெயர். "சின்னஞ்சிறுசுகளுக்குப் பொம்மைகள்" என்று பொருள்.

சினிமாக்காரர்கள் உதவி

ஹெண்ட்ரிக்சுக்குச் சினிமாத் துறையில் செல்வாக்கு உண்டு. வார்னர் பிரதர்ஸ் படக் கம்பெனியில் அவர் விளம்பர அதிகாரியாக இருந்தார்.

மிக்கி மவுஸ் படங்களை எடுத்த வால்ட் டிஸ்னி இந்த இயக்கத்துக்காக ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார். பொம்மை ரயில் வண்டியின் படம் அது. இன்றைக்கும் அந்த ரயில்தான் சின்னம்.

பாப் ஹோப், ஜான் வெய்ன், டாரிஸ் டே முதலிய நட்சத்திரங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள். 1956-ல் இதற்கென்றே ஒரு பாட்டு தயார் ஆயிற்று. நாட் கிங் கோல் போன்ற பெரிய பாடகர்கள் அதைப் பாடினார்கள்.

விளம்பரம் வந்தது. பொம்மையும் வந்து குவிந்தது. ஆனால் குவிந்த பொம்மை தானாக நடந்து குழந்தையிடம் போகாதே! அங்கேதான் மேற்பார்வை வேலை தொடங்கியது.

பழைய பொம்மை கூடாது!

1979 வரை பழைய பொம்மைகளையும் வாங்கினார்கள். பயிற்சி நாட்களில் வீரர்களே உட்கார்ந்து பழுது பார்த்தார்கள். துப்பாக்கி பிடித்த கை, பொம்மை லாரிக்குச் சக்கரம் மாட்டியது!

1980 முதல் இதை நிறுத்திவிட்டார்கள். புதுப் பொம்மை மட்டுமே வாங்குவது என்று முடிவு செய்தார்கள். காரணம் மூன்று.

முதல் காரணம்: ரிசர்வ் வீரர்கள் பயிற்சி நேரம் முழுவதையும் பயிற்சிக்கே செலவிட வேண்டும் என்று ஆயிற்று. பழுது பார்க்க நேரம் இல்லை.

இரண்டாவது காரணம்: பொம்மையினால் குழந்தைக்கு வரும் ஆபத்துகளைப் பற்றி நாட்டில் விழிப்பு வந்தது. பொம்மைக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் இருந்தால் குழந்தையின் மூளைக்குக் கெடுதல். அந்தப் பெயிண்டை 1978-ல் அரசாங்கம் தடை செய்தது. பழைய பொம்மையில் என்ன பெயிண்டு இருக்கிறது என்று யார் கண்டார்?

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. "பிறர் விளையாடித் தள்ளிய பொம்மைதான் உனக்கு" என்று ஏழைக் குழந்தையிடம் சொல்வதுபோல் ஆகிவிடக்கூடாது. பரிசு என்றால் அது குழந்தையின் தலையை நிமிர்த்த வேண்டும். குனிய வைக்கக்கூடாது.

மூன்று மாத வேலை

இப்போது இந்த வேலை எப்படி நடக்கிறது?

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ரிசர்வ் படை முகாம் உள்ள ஊரில் பட்டாளத்துக்காரரே பொறுப்பாளர். முகாம் இல்லாத ஊர்களில், ஓய்வு பெற்ற வீரர்களோ ஊர்ப் பொதுமக்களோ பொறுப்பு ஏற்கிறார்கள்.

அக்டோபர் மாதம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பெரிய அட்டைப் பெட்டிகளை வைக்கிறார்கள். மக்கள் அதில் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பரிசு தேவைப்படும் குடும்பங்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கின்றன. எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

பெட்டிகள் நிரம்பியதும் லாரி போய் எடுத்து வருகிறது. எல்லாம் ஒரு பெரிய கிடங்கில் வந்து இறங்குகிறது. எண்ணுவது, பார்வையிடுவது, வயதுவாரியாகப் பிரிப்பது, குடும்பத்துக்கு ஒரு பையாகக் கட்டுவது, கொடுப்பது என்று வேலை நடக்கிறது.

பரிசுப் பொருளைப் பளபளப்பான தாளில் சுற்றிக் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிறந்த குழந்தைக்குச் சதுரங்கப் பெட்டி போய்விடும். பத்து வயதுப் பையனுக்குக் கிலுகிலுப்பை போய்விடும்!

சம்பளம் இல்லாத ஆள்

தொழிற்சாலையில் மேஸ்திரி வேலை பார்ப்பது ஒரு விதம். வேலை செய்யாதவனுக்குக் கூலியைப் பிடிக்கலாம். தொண்டர்களிடம் அந்தப் பாச்சா பலிக்காது. அவர்கள் பிரியப்பட்டு வந்தவர்கள். அதட்டினால் மறுநாள் வரமாட்டார்கள். அதட்டாமல் விட்டுவிட்டாலோ வேலை கெட்டுவிடும்.

அதனால் நல்ல மேற்பார்வையாளர் ஆளைப் பார்த்து வேலை கொடுக்கிறார். தோள் வலிமை உள்ள இளைஞருக்கு லாரி. நுணுக்கமாகப் பார்க்கக் கூடிய தாய்மாருக்குச் சோதனை மேஜை. நிற்க முடியாத பெரியவருக்கு நாற்காலி போட்டுக் கணக்குப் புத்தகம். அப்பா அம்மாவோடு வந்த சிறுவர்களுக்குப் படப் புத்தகம் அடுக்கும் வேலை.

வேலை தொடங்குமுன் பத்து நிமிஷம் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்கிறார். எந்த மேஜையில் எது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, குடும்பங்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்கிறார். இந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்தால், பத்து மணி நேரம் வீணாகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் நாள் கூட்டம் அலைமோதும். நடுவில் குளிர் கூடினால் ஆள் குறையும். பை கட்டும் கடைசி வாரத்தில்தான் ஆள் மிகுதியாகத் தேவை. ஆகவே முதல் நாளே யார் எந்தத் தேதியில் வருவது என்று எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

1¼ அங்குலக் குழல்

சோதனை மேஜையில் விளையாட்டுக்கு இடம் இல்லை.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை, கையில் கிடைத்ததை வாயில் போடும். சிறு உருண்டை, கழன்று வரும் சக்கரம், பொம்மையின் கண் – எது தொண்டையில் சிக்கினாலும் மூச்சு நின்றுவிடும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. 1980 முதல் அமலில் இருக்கிறது. சோதனைக்கு ஒரு சிறு குழல் வைத்திருக்கிறார்கள். அதன் வாய் அகலம் 1¼ அங்குலம். ஆழம் ஒரு பக்கம் 1 அங்குலம், மறுபக்கம் 2¼ அங்குலம். சின்னக் குழந்தையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு அது. பொம்மையோ, அதிலிருந்து கழன்ற துண்டோ இந்தக் குழலுக்குள் அடங்கிவிட்டால், அது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது.

பொம்மைப் பெட்டியின் மேலேயே வயது அச்சிட்டிருக்கிறது. தொண்டர் அதைப் பார்த்துத்தான் மேஜை பிரிக்க வேண்டும். "அழகாக இருக்கிறதே, குட்டிப் பாப்பாவுக்குக் கொடுப்போம்" என்று ஒரு நல்ல மனம் நினைக்கலாம். மேற்பார்வையாளர் அங்கே கையை மறிக்க வேண்டும். நல்ல மனமும் குழந்தையைக் கொல்லக்கூடும்.

துப்பாக்கிக்கு இடம் இல்லை

பட்டாளம் நடத்தும் இயக்கம் ஆயிற்றே, பொம்மைத் துப்பாக்கி நிறைய இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நிஜத் துப்பாக்கி போலவே தோன்றும் பொம்மையை அவர்கள் வாங்குவதில்லை! தின்பண்டம் சேர்ந்த பரிசும் வேண்டாம் என்கிறார்கள்.

மறந்துபோகும் பிள்ளைகள்

கடையில் பொம்மை வாங்குகிறவர்களுக்கு ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைதான் கண்முன் நிற்கும். அதனால் அந்த வயதுக்கான பொம்மை மலைபோல் சேரும். கைக்குழந்தைக்கும், 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் உரிய மேஜைகள் காலியாகக் கிடக்கும்.

தம்பிக்குப் பரிசு வருகிறது. தங்கைக்கு வருகிறது. மூத்தவனுக்கு மட்டும் இல்லை என்றால், அவன் வாய் திறந்து சொல்லமாட்டான். மனதில் மட்டும் வைத்துக்கொள்வான்.

ஆகவே மேற்பார்வையாளர் தினமும் மேஜைகளை எண்ணுகிறார். எந்த வயதுக்குக் குறைகிறது என்று பார்த்து, நன்கொடையாக வந்த பணத்தில் அதை வாங்குகிறார். 1991-ல் இந்த இயக்கத்துக்குத் துணையாக ஒரு அறக்கட்டளை ஏற்பட்டது. பணம் திரட்டுவதும், போதாத பொம்மையை வாங்கிக் கொடுப்பதும் அதன் வேலை.

கணக்கு கெட்டது, காரியம் கெட்டது

பணம் என்றதும் கணக்கு வர வேண்டும். கணக்கு இல்லாததால் கெட்ட ஒரு கதை நியூயார்க் நகரில் நடந்தது.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் குழந்தைகள் கடிதம் எழுதித் தபாலில் போடுவது அந்த நாட்டு வழக்கம். விலாசம் இல்லாத கடிதங்கள்! 1912-ல் தபால் இலாகாவின் தலைவராக இருந்த பிராங்க் ஹிட்ச்காக் ஓர் உத்தரவு போட்டார். இந்தக் கடிதங்களைத் தபால் ஊழியர்களும் பொதுமக்களும் படிக்கலாம், பரிசு அனுப்பலாம் என்றார்.

1913-ல் ஜான் டுவல் க்ளக் என்பவர் நியூயார்க்கில் ஒரு சங்கம் தொடங்கினார். தொண்டர்களைச் சேர்த்தார். கடிதங்களைப் படித்துப் பரிசு கொடுப்போரிடம் சேர்த்தார். ஊரே புகழ்ந்தது. பணம் குவிந்தது. சங்கத்துக்குப் பெரிய கட்டிடம் கட்டப் போவதாகவும் சொன்னார். கட்டிடம் எழும்பவே இல்லை.

பணத்துக்குச் சரியான கணக்கு இல்லை என்று புகார் கிளம்பியது. விசாரணை வந்தது. 1928-ல் தபால் இலாகா அந்தச் சங்கத்துக்குக் கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

தொண்டர்கள் உண்மையாகத்தான் உழைத்தார்கள். அவர்கள் உழைப்பின்மீதும் கறை படிந்தது. இன்று பல இடங்களில் பணத்தை ஒருவர் மட்டும் எண்ணுவதில்லை. இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். இது சந்தேகம் அல்ல, பாதுகாப்பு.

பெயரை மறைத்தார்கள்

காக்க வேண்டியது பணம் மட்டும் அல்ல, குழந்தையின் பெயரும் விலாசமும்கூட.

தபால் இலாகாவின் அந்தக் கடித ஏற்பாட்டில் 2008-ல் ஓர் ஆபத்து தெரிந்தது. ஒரு குழந்தையின் கடிதத்தை ஒருவர் எடுத்துச் சென்றிருந்தார். பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தபால் ஊழியர் ஒருவர் அவரை அடையாளம் கண்டு சொன்னார். உடனே ஏற்பாட்டை நிறுத்தினார்கள்.

பிறகு விதியை மாற்றினார்கள். கடிதத்தில் குழந்தையின் குடும்பப் பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு, ஒரு எண் கொடுத்தார்கள். பரிசு கொடுப்பவர் அந்த எண்ணோடு பொட்டலத்தைத் தபால் ஆபீசில் கொடுத்தால் போதும். விலாசம் ஒட்டி அனுப்புவது தபால்காரர் வேலை.

தேவதை மரம்

பெயர் தெரியாமலேயே அன்பு காட்ட இன்னொரு வழியும் இருக்கிறது.

1979-ம் ஆண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்ற ஊர். அங்கே "சால்வேஷன் ஆர்மி" என்ற தொண்டு நிறுவனத்தில் சார்லஸ் ஒயிட், ஷர்லி ஒயிட் என்ற தம்பதிகள் பணியாற்றினார்கள்.

தேவதைப் படம் போட்ட வாழ்த்து அட்டைகளை வாங்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தைக்கு என்ன வேண்டும் என்று எழுதினார்கள். கடைத்தெருவில் இருந்த கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார்கள். வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் அட்டையைப் பறித்துக்கொண்டு போய், அந்தப் பரிசை வாங்கிக் கொடுத்தார்கள். முதல் ஆண்டே 700-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பரிசு கிடைத்தது. "தேவதை மரம்" என்று பெயர் நிலைத்துவிட்டது.

இதிலும் மேற்பார்வை உண்டு. அட்டையைப் பறித்தவர் மறந்துபோனால்? ஒரு குழந்தைக்குப் பரிசு இல்லாமல் போகுமே! அதனால் எந்த எண் அட்டை போயிற்று, எந்தப் பரிசு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வராத எண்ணுக்குத் தாங்களே வாங்கி வைக்கிறார்கள்.

அம்மாவின் கையால்

கொடுக்கும் நாள்தான் பெரிய சோதனை.

வரிசையில் நிற்கும் தாய் தகப்பன்மார் பிச்சைக்காரர்கள் அல்லர். சென்ற ஆண்டு இதே பெட்டியில் பொம்மை போட்டவர்களும் அவர்களில் இருக்கலாம். வேலை போனதாலோ, நோய் வந்ததாலோ இன்று வரிசையில் நிற்கிறார்கள். பல பேர் தலை குனிந்து நிற்பார்கள்.

அவர்களிடம் "ஏன் வேலை இல்லை? எத்தனை நாளாக?" என்று கேட்கக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. "சொல்லு, நன்றி சொல்லு" என்று குழந்தையை வற்புறுத்தக்கூடாது. தொண்டர்களுக்கு மேற்பார்வையாளர் சொல்லித் தர வேண்டிய பாடங்களில் இதுவே பெரியது.

பல ஊர்களில் இப்போது கடை போலவே மேஜை போட்டுப் பொம்மைகளை அடுக்குகிறார்கள். தாயே வந்து தன் பிள்ளைக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிறாள். காசு கேட்பதில்லை. பளபளப்புத் தாளையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டில் பிள்ளை தூங்கியபிறகு அவளே சுற்றி வைக்கிறாள்.

காலையில் பிள்ளை கண் விழிக்கிறது. பரிசு இருக்கிறது! யார் வாங்கியது, யார் லாரியில் ஏற்றியது, யார் குழலில் போட்டுப் பார்த்தது என்று அதற்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பெட்டியில் பொம்மை போட்ட மகராசனுக்கும் அந்தப் பிள்ளை யார் என்று தெரியாது.

கிடங்கு காலியாக வேண்டும்

எல்லாம் முடிந்தும் மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போவதில்லை. பெயர் கொடுக்காத குடும்பம் ஒன்று கடைசி நேரத்தில் ஓடிவரும். விலாசம் மாறியதால் ஒரு பை திரும்பி வரும். அதற்கென்று ஒவ்வொரு வயதுக்கும் கொஞ்சம் பொம்மைகளை ஒதுக்கி வைத்திருப்பவரே கெட்டிக்காரர்.

தொண்டர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லாதவருக்கு அதுதான் சம்பளம். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த ஆண்டும் வருவார்கள்.

கடைசியில் கணக்கு. வந்தது எத்தனை, போனது எத்தனை, மீதி எத்தனை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

1947-ல் 5,000 பொம்மையோடு தொடங்கிய இயக்கம் இன்றுவரை கோடிக்கணக்கான பொம்மைகளைக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வோர் ஊரிலும் மேற்பார்வையாளர் பார்ப்பது இந்தக் கோடிக் கணக்கை அல்ல. தம் பட்டியலைத்தான். அதில் ஒரு பெயராவது அடிக்காமல் பாக்கி நிற்கிறதா என்று பார்க்கிறார்.

எல்லாப் பெயரும் அடித்தாயிற்று, கிடங்கும் காலி என்றால், விளக்கை அணைத்துப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார். அவருக்கு அன்றுதான் கிறிஸ்துமஸ்.